பூட்டுக்குள் இல்லாத மீன்

பூட்டுக்கு வெளியே மீன் கூடியிருந்தது. பூட்டுக்கு உள்ளே குறைந்திருந்தது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இது நடக்கக்கூடாத காரியம்.

ஐஸ் தொழிற்சாலையின் மாடி அறையில் உட்கார்ந்து, அவள் அதே எண்களை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். கீழே இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேசை லேசாக நடுங்கியது. ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் டீசல் வாடை. எட்டு வருஷமாக இதே அறைதான். துறைமுகத்தில் அவளுக்கு 'மீன் டாக்டர்' என்று பெயர். கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் என்று அர்த்தம். மீனுக்கு ஊசி போடுகிறவள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்களைத் திருத்துவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

பூட்டு என்பது கடலில் மிதக்கிற நான்கு மஞ்சள் மிதவைகள். நான்குக்கும் நடுவில், தண்ணீருக்கு அடியில் ஒரு பவளப்பாறை. மூன்று வருஷமாக அந்தப் பாறையில் யாரும் தூண்டில் போடுவதில்லை, வலை இறக்குவதில்லை, ஈட்டி கொண்டு முங்குவதில்லை. அரசாங்கத் தாளில் அந்த இடத்துக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது. படகுக்காரர்கள் அதைப் 'பூட்டு' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

அதன் கணக்கு எளிமையானது. கலவா மீன் ஊர் சுற்றாது. பாறையில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வருஷக்கணக்கில் குடியிருக்கும். அதை விட்டுவைத்தால் வளரும். வளர்ந்த பெரிய கலவா ஒன்று இடுகிற முட்டை, பாதி நீளமுள்ள கலவாக்கள் நாலைந்து சேர்ந்து இடுகிற முட்டையைவிட அதிகம். முட்டை நீரோட்டத்தோடு போகும், குஞ்சு பக்கத்துப் பாறைகளில் ஒதுங்கும். உள்ளே இடம் போதாமல் போனால் வளர்ந்த மீனும் வெளியே நகரும். ஆகவே கொஞ்சம் இடத்தைப் பூட்டி வைத்தால், பூட்டாத இடத்தில் வலை நிறையும். கடன் கொடுத்து வட்டிக்குப் பொறுப்பது மாதிரி கடலுக்குப் பொறுப்பது, அவ்வளவுதான்.

அதன்படிதான் எல்லாம் நடந்தது. முதல் வருஷம் உள்ளே மீன் கூடியது. இரண்டாம் வருஷம் இன்னும் கூடியது. மூன்றாம் வருஷம், மிதவைகளை ஒட்டி வெளியே தூண்டில் போட்டவர்கள், நீண்ட நாளாகப் பார்க்காத அளவில் கலவா கொண்டுவந்தார்கள். அதே மூன்றாம் வருஷம் அவள் உள்ளே முங்கி எண்ணியபோது பாதிதான் இருந்தது. கடை நிறையச் சரக்கு இருக்கிறது, கிடங்கு காலி என்றால் யார் நம்புவார்கள்?

தண்ணீர் கலங்கலாக இருந்ததா என்று பார்த்தாள். இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. சூடு ஏறியிருந்ததா? இல்லை. பாறைக்கு நோய் ஏதாவது? பாறை பூத்துக் குலுங்கியது. மிச்சம் இருந்தது ஒரே காரணம். யாரோ பூட்டுக்குள் போய் மீன் பிடிக்கிறார்கள்.

அந்தக் காரணத்தை மட்டும் அவள் தாளில் எழுதவில்லை. ஏனென்றால் அந்த மிதவைகளுக்குள் போக அனுமதி பெற்ற படகு ஒன்றே ஒன்றுதான். அவளை எண்ணுவதற்கு ஏற்றிக்கொண்டு போகிற படகு. அது அவளுடைய அத்தானின், அக்கா புருஷனின் படகு.

*

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில்தான். படகு கட்டும் பட்டறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மூன்று அறை வீடு. பின்கட்டில் சிமெண்டுத் தரை, ஒரு குழாய், துணி காயப் போடும் கொடி. அக்கா ஏலக் கொட்டகையில் மீனைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள். செவுளைத் தூக்கி ஒரு பார்வை, வயிற்றை ஒரு அமுக்கு. எந்த மீன் எந்தக் கூடைக்கு என்று கை தானாகப் போட்டுவிடும்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அக்கா குழாயடியில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. செதில் சுவர் வரைக்கும் தெறித்தது.

"மீன் என்னக்கா பாவம் பண்ணிச்சு?"

"மீன் ஒண்ணும் பண்ணல. மனுஷங்கதான்." அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னிக்குக் கொட்டகையில என் காதுபடப் பேசறாங்க. பூட்டுக்குள்ள மீன் இல்லையாமே, டாக்டரம்மாவே எண்ணிப் பார்த்துட்டாங்களாமே, அப்போ அது யாரு வீட்டு அடுப்புக்குப் போச்சுன்னு கேக்கறா ஒருத்தி. இன்னொருத்தி, சாவி யாருகிட்ட இருக்கோ அவங்களைக் கேளுங்கறா. நான் மீனைப் பிரிக்கறதா, அவ வாயைக் கிழிக்கறதா?"

"எண்ணிக்கை எப்படி வெளியே போச்சு? நான் தலைவர்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"தலைவர்கிட்ட சொன்னா ஒலிபெருக்கியில சொன்ன மாதிரிதான். உனக்கு இது தெரியாதா? அந்த மனுஷன் ரகசியம்னு சொல்லித்தான் ஊர் பூரா சொல்லுவாரு."

மீனவர் சங்கத் தலைவரும் அத்தானும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாகப் போகாமல் இருந்தவர்களும்கூட. மூன்று வருஷத்துக்கு முன்னால், பாறையைப் பூட்டலாம் என்று அவள் சங்கக் கூட்டத்தில் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அத்தான்தான் எழுந்து நின்றார். அந்தப் பாறையில் அதிகமாகத் தூண்டில் போட்டவர் அவர். அங்கே கிடைத்த மீனில்தான் இந்தத் தகரக் கூரை வந்தது. "நான் விடறேன். நானே விடறப்ப உங்களுக்கு என்னய்யா?" என்றார். அதற்கு மேல் யாராலும் பேச முடியவில்லை. தலைவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருஷ ஒப்பந்தம் இந்த ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அன்று கூட்டம். பூட்டை நீட்டிப்பதா, திறப்பதா என்று கை தூக்கி முடிவெடுப்பார்கள். அவள் எழுந்து நின்று எண்களைச் சொல்ல வேண்டும். பூட்டு திறந்தால் ஒரே வாரத்தில் பாறை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதோடு அத்தானின் பெயரும் போகும். இந்தக் கரையில் அந்தக் கறை படிந்தால் அப்புறம் அவரோடு படகில் கூலிக்குக்கூட யாரும் ஏற மாட்டார்கள்.

அத்தான் வந்தார். வழக்கமாக அவர் தெருமுனையில் வரும்போதே பாட்டோ வம்போ முன்னால் வந்துவிடும். இன்று செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. குழாயில் கால் கழுவினார். கயிற்றுச் சுருளைக் கொடிக் கம்பத்தில் மாட்டினார்.

"சாப்பிட வாங்க. சோறு ஆறுது."

"பசிக்கல."

"கோபத்தைச் சாப்பிட்டா வயிறு நிறையுமா?"

"நிறைஞ்சிருச்சு. கரைல ஆளாளுக்கு ஊட்டி விட்டானுங்க." திண்டு போலக் கிடந்த பழைய வலை மேல் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். "என்ன டாக்டர், எண்ணி முடிச்சாச்சா?"

"நாளைக்கு இன்னொரு தடவை போகணும் அத்தான். ஞாயித்துக்கிழமைக்கு முன்னால காத்து அடங்கியிருக்கற நாள் நாளைக்கு மட்டும்தான்."

"எதுக்கு இன்னொரு தடவை?"

"எங்கேயோ தப்பு இருக்கு."

"எண்ணிக்கையிலயா, ஆள் மேலயா?"

அக்கா கையை அப்படியே நிறுத்தினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேராவே கேக்கறேன்," என்றார் அத்தான். "நீயும் என்னைச் சந்தேகப்படறியா?"

'இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் எதையும் சோதித்துப் பார்க்காமல் இல்லை என்று சொல்லக்கூடாது என்று இருபது வருஷமாகப் பழகிய மூளை. ஒரே ஒரு நொடி யோசித்துவிட்டது. யோசித்துவிட்டு, "இல்ல அத்தான்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "காலைல சீக்கிரம் வந்துரு. வெயில் ஏறிட்டா காத்து கிளம்பிரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்கா மீனை வறுத்தாள். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நல்ல மீன், நல்ல முறுகல், பாதி தட்டிலேயே மிஞ்சியது. தட்டைக் கழுவும்போது அக்கா சொன்னாள்:

"அவரு பொய் சொன்னா எனக்குத் தெரியும். என் பொறந்த நாளை மறந்துட்டு மறக்கலன்னு சொல்லுவாரு, அப்போ காது சிவக்கும். இன்னிக்கு முகம் பூராவே வெளுத்திருக்கு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா, நாளைக்கு அந்த மீனை எங்கிருந்தாவது கண்டுபிடிச்சுட்டு வா."

*

காலையில் படகுத்துறைக்குப் போனபோது, படகில் அத்தானைத் தவிர இன்னொருவரும் இருந்தார். தலைவர். தொப்பை, குடை, பிளாஸ்கில் தேநீர்.

"நான் ஒரு சாட்சிக்கு வர்றேன் டாக்டர். தப்பா எடுத்துக்காதீங்க. நாலு பேரு கேட்டா நானே பார்த்தேன்னு சொல்லணுமில்ல?"

"தாராளமா பாரு," என்றார் அத்தான். "படகு ஒரு பக்கம் சாயாம நடுவுல உக்காரு. அது போதும்."

கடைசியாக வந்தவர் பாசி. பாசி என்பது அவர் பெயரல்ல, அவர் படிப்பு. பாறையில் வளர்கிற பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். தாடியும் ஏறக்குறைய அதே நிறத்துக்கு வந்துவிட்டதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. தண்ணீருக்குள் ஆள் தனியாக முங்கக்கூடாது. அதனால் மூன்று வருஷமாக இருவரும் ஜோடியாக முங்கினார்கள். அவளுக்கு மீன், அவருக்குப் பாசி. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவதில்லை.

வெயில் இன்னும் ஏறவில்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. மஞ்சள் மிதவையில் படகைக் கட்டினார்கள். நங்கூரம் போட்டால் பவளம் உடையும் என்பதால் மிதவையில்தான் கட்டுவது வழக்கம்.

அவர்கள் எண்ணுகிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். படகில் ஒரு கயிற்றுச் சுருள் இருக்கும். அதன் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டிக்கொள்வாள். முதுகில் காற்று உருளையோடு இரண்டு பேரும் முங்கியதும், பாறையின் ஓரமாக, மணலை ஒட்டி அவள் நேராக நீந்துவாள். நீந்த நீந்த, படகிலிருந்து அத்தான் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார். கயிறு அவளுக்குப் பின்னால் மணலில் உரசிக்கொண்டு வரும். இடமும் வலமுமாகக் கண்ணில் படுகிற ஒவ்வொரு மீனையும் அவள் கையில் உள்ள பிளாஸ்டிக் பலகையில் குறித்துக்கொள்வாள். பாசி அவளுக்குப் பின்னால் வருவார். ஒரு கம்பிச் சட்டத்தைப் பாறை மேல் வைப்பார், சட்டத்துக்குள் இருக்கிற பாசியை எண்ணுவார், எடுத்து அடுத்த இடத்தில் வைப்பார். மூக்கு பாறையில் இடிக்கிற தூரத்தில்தான் அவர் தலை இருக்கும். கயிறு தீர்ந்ததும் அவள் இடுப்பில் ஒரு இழுப்பு விழும். அதுதான் முடிந்தது என்பதற்கு அடையாளம். உடனே இருவரும் மேலே பார்த்தபடி மெதுவாக ஏறுவார்கள். படகு அவர்கள் இருக்கும் இடத்துக்கு வரும்.

இதில் ஒரு சட்டம் அவளே போட்டது. எண்ணும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் எண்ணின மீனையே மறுபடி எண்ண நேரும். எல்லாக் கடலிலும் எண்ணுகிறவர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அவள் அதை மூன்று வருஷமாக ஒரு தடவைகூட மீறியதில்லை.

முங்கினாள். காது அடைத்துத் திறந்தது. கீழே பாறை ஒரு பழைய ஊர் மாதிரி விரிந்தது. கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம், வறுகடலை கொறிக்கிற மாதிரி, நாலா பக்கமும் கேட்டது. சின்ன மீன்கள் இருந்தன. கலவா இருக்க வேண்டிய பொந்துகளைத் தாண்டினாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஒரு பொந்து, இரண்டு பொந்து, மூன்று. பலகையில் கலவாவின் பத்தி காலியாகவே இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழக்கூடாது, கண்ணாடி மங்கிவிடும்.

மேலே, படகில் தலைவர் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, உண்மையைச் சொல்லு. எனக்கு மட்டும். ஒண்ணு ரெண்டு எடுத்திருந்தாக்கூட நான் பேசித் தீர்த்துடறேன்."

அத்தான் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"தப்பா சொல்லல. பழகின தோஷத்துல கேக்கறேன்."

"பழகின தோஷமா? உன்னைத் தூக்கிட்டுப் போயித் தண்ணில போட்டா, அதுவும் பழகின தோஷம்தான். கூட்டத்துல நான் எழுந்து நின்னப்ப நீ எங்க உக்காந்திருந்தே? எனக்குப் பின்னாடி. என் முதுகைப் பார்த்துக்கிட்டு. இன்னிக்கும் முதுகுப் பக்கமாத்தான் பேசறே!"

அத்தான் இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

கீழே, அவள் இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு விழுந்தது. பாதித் தூரம்கூட வரவில்லை, அதற்குள் கயிறு எப்படித் தீரும்? எங்காவது பாறையில் மாட்டிக்கொண்டதா? மாட்டியிருந்தால் பவளம் உடையுமே என்ற பதற்றத்தில், தான் போட்ட சட்டத்தைத் தானே மறந்து, அவள் திரும்பினாள்.

பாசி வழக்கம்போலக் குனிந்து, கம்பிச் சட்டத்துக்குள் மூழ்கிப்போயிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் கால் துடுப்புக்கு ஒரு கை தூரத்தில், தலையணை அளவுக்கு ஒரு கலவா நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்று. கயிறு போன வழியெல்லாம், ரேஷன் கடை வரிசை மாதிரி, சின்னதும் பெரிதுமாகக் கலவா, கிளிமீன், நகரை மீன். கயிறு மணலைக் கிளறிவிட்ட இடத்தில் புழுவும் நண்டுக் குஞ்சும் இறாலும் வெளியே வந்து தவிக்க, முன்னால் நின்ற பெரியது வாயைத் திறந்து ஒன்றை உறிஞ்சியது. பாசியின் துடுப்பு அசைந்தது. எல்லாம் மரியாதையாக அரை அடி பின்வாங்கின. மறுபடி முன்னால் வந்தன.

அவள் வாயிலிருந்த குழாய் நழுவப் பார்த்தது. கடித்துப் பிடித்துக்கொண்டாள். எண்ணினாள். எண்ணி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பாசியின் தோளைத் தட்டினாள். அவர் நிமிர்ந்தார். பின்னால் கை காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, 'ஆமாம், இவங்கதான்' என்பது போலச் சாதாரணமாகத் தலையாட்டினார்.

*

"உங்களுக்குத் தெரியுமா?" மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். தண்ணீரில் மிதந்தபடியே கேட்டாள்.

"என்னது?"

"பின்னாடி மீன் வர்றது!"

"ஆமா, வரும். கொஞ்ச மாசமாவே வருது. ஒரு பெரிசு என் துடுப்பைக்கூடக் கடிச்சுப் பார்த்துச்சு." பாசி தாடியைப் பிழிந்தார். "ஏன்?"

"ஏனா? ஏன் சொல்லல?"

"மீன் உங்க வேலையில்ல டாக்டர்? நீங்க எண்ணிட்டுத்தான் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க தாண்டி வந்த மீன்தானே எனக்குப் பின்னாடி வருது?"

"நான் தாண்டும்போது அது பொந்துக்குள்ள இருக்கு! நீங்களும் போனப்புறம்தான் வெளியே வருது!"

பாசி யோசித்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைசியில், "ஐயையோ," என்றார்.

படகில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்க அவள் விளக்கினாள். சந்தோஷத்தில் நடுங்குகிறாளா குளிரிலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெளியே இருக்கற கலவாவுக்கு மனுஷன்னா தூண்டில், ஈட்டி. நம்மளைப் பார்த்ததும் ஓடும். ஓடறது என் கண்ணுக்கு முன்னாடிதான் ஓடும், எண்ணிடுவேன். உள்ளேயும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓடிச்சு. ஆனா பூட்டுக்குள்ளேயே வளர்ந்ததுங்களுக்குத் தூண்டில்னா என்னன்னே தெரியாது. நாம வந்தா பொந்துக்குள்ள ஒதுங்கி வழி விடும். நம்ம கயிறு மணலைக் கிளறுதுன்னு கத்துக்கிச்சு. நாம போனதும் வெளியே வந்து பின்னாலேயே சாப்பிட்டுக்கிட்டு வருது. கயிறு தீர்ந்ததும் நாங்க மேலே பார்த்துக்கிட்டே ஏறிடறோம். படகு இன்ஜின் சத்தத்துக்கு எல்லாம் கலைஞ்சிடும். மூணாவது வருஷம் மீன் குறையல. அதுங்களுக்குப் பயம் விட்டுப் போச்சு."

அத்தான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் குடையை மடக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை இதைச் சொன்னா, சொந்த அத்தானைக் காப்பாத்தக் கதை விடறாங்கன்னு சொல்லுவாங்களே டாக்டர். நான் சொல்லல. சொல்லுவாங்க."

"நீங்களே பாருங்க," என்றாள் அவள். "அதுக்குத்தானே வந்தீங்க?"

படகில் ஒரு கண்ணாடி வாளி உண்டு. அடிப்பாகத்துக்குப் பதில் கண்ணாடி பதித்த வாளி. அதைத் தண்ணீரில் அழுத்திவிட்டு உள்ளே பார்த்தால் அலையின் மினுமினுப்பு இல்லாமல் அடி வரை தெரியும். தலைவர் படகின் ஓரத்தில் வயிற்றை வைத்துப் படுத்து, வாளிக்குள் தலையை விட்டார். அவர் விழுந்துவிடாமல் இருக்க அத்தான் பின்னாலிருந்து அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுறாதடா."

"அது நீ என்ன சொல்றேங்கறதைப் பொறுத்தது."

அவளும் பாசியும் மறுபடி முங்கினார்கள். இந்தத் தடவை படகுக்கு நேர் கீழே, அவிழ்த்துவிட்ட கயிறு மணலில் உரச, எப்போதும் போலவே நீந்தினார்கள். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு வாளிக்குள்ளிருந்து தலைவரின் குரல் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"அடேய்."

"என்ன?"

"அடேய், வருதுடா. பொந்துலேருந்து வருது. ஒண்ணு… ரெண்டு… அம்மாடி, இது என் பேத்தி சைசு! தாடிக்காரரு பின்னாடியே போகுதுடா. சம்பளம் வாங்க நிக்கற மாதிரி நிக்குதுங்க. அந்த மனுஷன் குனிஞ்ச தலை நிமிரல. ஒரு தடவை திரும்புய்யா! திரும்பித் தொலையேன்யா!"

தண்ணீருக்குள் இருக்கிற பாசிக்கு அது கேட்கவில்லை. அத்தானுக்குக் கேட்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் உடம்பே குலுங்கியது. தலைவரின் இடுப்பு வார் கையிலிருந்து நழுவிற்று. வாளியோடு தலைவர் தண்ணீருக்குள் போனார்.

அவரை இழுத்து ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஏறி உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டு தலைவர் சொன்னார்: "சரிடா. நான் பேசினது தப்பு. கொட்டகையில நானே சொல்லிடறேன்."

"ரகசியமா சொல்லு," என்றார் அத்தான். "அப்பதான் எல்லாருக்கும் போய்ச் சேரும்."

பிறகு பூட்டுக்கு வெளியே போய் ஒரு தடவை முங்கினார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாசியும், கலங்கின மணலும், ஒரு சின்ன நண்டும் மட்டும்தான். வெளியே மீன்கள் எல்லாம் முன்னால் ஓடி முடித்துவிட்டிருந்தன.

காற்று கிளம்பும் நேரம் படகைக் கரைக்குத் திருப்பினார்கள். அவள் பின்பக்கம் போய், சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், நேத்து நான் ஒரு நொடி…"

"ஒரு நொடிதானே." அவர் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ உடனே இல்லன்னு சொல்லியிருந்தா, மச்சினிச்சி சொல்லுதுன்னு நெனச்சிருப்பேன். யோசிச்சுட்டுச் சொன்னே பாரு, அது டாக்டர் சொன்னது. படுத்துக்கிட்டு அதைத்தான் நெனச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. தூக்கமும் வந்துச்சு."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

*

ஆனாலும் வேலை முடியவில்லை. பின்னால் மீன் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அதை எண்ணுகிற வழி வேண்டும். அன்று பின்கட்டில் தேநீரும் ரொட்டியுமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டு தலைவரும் இருந்தார். பொத்தான் போட முடியவில்லை. அக்கா கதையை இரண்டாம் தடவையாகக் கேட்டுவிட்டு, தலைவருக்கு மட்டும் ரொட்டி வைக்காமல் தாண்டிப் போனாள். மூன்றாவது சுற்றில்தான் வைத்தாள்.

"பின்னாடி ஒருத்தர் பார்த்தா போச்சு," என்றார் அத்தான். "இவரு திரும்பி நீந்தட்டும்."

"என் பாசி?" என்றார் பாசி.

"உங்க பாசி ஓடிடுமா?" என்றாள் அக்கா.

தலைவர் ரொட்டியை மென்றுகொண்டே விரலைத் தூக்கினார். "இருங்க. டாக்டர் முன்னாடி ஒரு மீனை எண்ணறாங்க. அதே மீன் வளைஞ்சு பின்னாடி வருது. இவரும் எண்ணறாரு. அப்போ ஒரு மீனு ரெண்டாயிடுமே? கூட்டத்துல நானே கேப்பேன்."

நல்ல கேள்வி. அவள் கரண்டியால் டம்ளரைத் தட்டியபடி யோசித்தாள். டங். டங். தட்டுவதை நிறுத்தினாள். தண்ணீருக்குள் பேச முடியாது, ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும். முதுகில் காற்று உருளை இருக்கிறது, இரும்பு.

"எழுந்து வாங்க," என்றாள் பாசியிடம். "முதுகோட முதுகா நில்லுங்க."

பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் ஒத்திகை நடந்தது. அவள் முன்னால் நடந்தாள். பாசி அவள் முதுகுக்கு முதுகு காட்டி, பின்னோக்கி நடந்தார். அக்காவும் அத்தானும் கலவா. தலைவர், அளவைப் பார்த்து, பெரிய கலவா. முன்னால் நின்ற அக்காவை அவள் எண்ணினாள். அக்கா வளைந்து பின்னால் போனதும் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினாள். பாசி அக்காவை விட்டுவிட்டார். கொடிக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த அத்தான், இருவரும் தாண்டிய பிறகு வெளியே வந்தார். தட்டு இல்லை. பாசி எண்ணினார். அடுத்த அடியில் பாசி கொடியில் மாட்டி, ஈரத் துண்டு அவர் தலை மேல் விழுந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் காற்று ஏமாற்றிவிட்டு அமைதியாகவே இருந்தது. உள்ளேயும் வெளியேயும் புதிய முறையில் எண்ணினார்கள். வெளியே இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மீன் உள்ளே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கூட்டத்தில் அதைச் சொன்னாள். பழைய எண்ணில் தப்பு தன்னுடையது என்பதையும் சொன்னாள். பழைய மூன்று வருஷ எண்களைப் புதிய எண்ணோடு ஒப்பிடக்கூடாது, இந்த வருஷத்திலிருந்துதான் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். தலைவர், தான் தண்ணீரில் விழுந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னார். பூட்டை நீட்டிக்கச் சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னபோது, அத்தான் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கியிருந்தார்கள்.

ஏலக் கொட்டகையிலும் ஐஸ் தொழிற்சாலை மாடியிலும் இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பூட்டில் எண்ணுகிற முறை அதில் இருக்கிறது. ஒருவர் முன்னால் பார்த்து நீந்த வேண்டும், இன்னொருவர் பின்னால் பார்த்து நீந்த வேண்டும். முன்னால் எண்ணின மீன் பின்னால் போனால் உருளையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், தட்டிய மீனைப் பின்னால் இருப்பவர் சேர்க்கக்கூடாது. மிச்சத்தை இரண்டு பேரும் கூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுக்கு வெளியேயும் இதே முறைதான். பாசியைக் கடைசியில், தனியாக ஒரு முறை முங்கி எண்ணிக்கொள்ளலாம். அது இடத்தை விட்டு எங்கும் போகாது.